துணைக்கு வந்த பன்னிரண்டு பேர்

அமலோற்பவத்தின் நோவை அளக்கிற இடத்துக்குப் பன்னிரண்டு பெண்கள் துணைக்குப் போனார்கள். அவர்கள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

போகும்போது அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. இறால் ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒருத்தி ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போக வேண்டி வந்தால் ஒரே மேசையில் நின்று இறால் உரிக்கிறவர்கள் மொத்தமும் கூடப் போவது அங்கே வழக்கம். பிரசவத்துக்கும் போவார்கள், பிரேதப் பரிசோதனைக்கும் போவார்கள். போய் ஒன்றும் செய்ய மாட்டார்கள். நிற்பார்கள், அவ்வளவுதான். நிற்கிற தோரணையைப் பார்த்தே நர்சுகள் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

கடல் ஏறி வந்து தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை விழுங்கிய பிறகு, பாத்தி இருந்த இடமெல்லாம் இறால் பண்ணையாகிவிட்டது. இறால் உரிக்க மிஷின் வந்தும் இருபது வருஷமாகிறது. ஆனால் பணக்கார நாட்டுக்காரனுக்கு மிஷின் தொட்ட இறால் ஆகாது. 'கையால் உரித்தது' என்று டப்பாவின்மேல் அச்சடித்திருந்தால்தான் வாங்குவான். அந்தக் கைகள் அமலோற்பவத்தினுடையவை, சண்முகக்கனியினுடையவை, இன்னும் பதினோரு பேருடையவை. எட்டு மணி நேரம் நின்றபடி, ஐஸ் மிதக்கிற தண்ணீருக்குள் கையை விட்டு உரிக்க வேண்டும். கெட்டிக் கையுறை போட்டால் இறால் சதை கிழியும் என்று மெல்லிய உறைதான் கொடுப்பார்கள். அது போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று.

அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்து நாலு. சரவாங்கி வந்து ஒன்பது வருஷம். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணி, விரலெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. வாரத்துக்கு ஒரு மாத்திரை; போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. தலை சீவிப் பின்னிவிடுவது புருஷன் லூர்துதான். விசைப்படகில் கயிறு முறுக்கிப் பழகின கை. அந்தப் பின்னலைப் பிடித்து ஒரு படகையே கரைக்கு இழுக்கலாம். கண்ணிரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள் என்று அவள் தினமும் சொல்வாள். அவரும் தினமும் தளர்த்துகிற மாதிரி பாவனை பண்ணுவார்.

ஷெட்டில் யாரும் அவளை எப்படியிருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். சண்முகக்கனிதான் கேட்பாள், அதுவும் வேறு மாதிரி.

"இன்னைக்கு எத்தன வெரல்ட்டி வேலைக்கு வந்திருக்கு?"

"ஏழு வந்திருக்கு. மூணு லீவு."

ஐந்துக்குக் கீழே போகிற நாளில் பேச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் தாங்கள் உரித்ததில் ஒரு கை அள்ளி அவள் தட்டில் போட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள். நன்றி சொல்லக் கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டாள், கலெக்டர் வீட்டுச் சம்பந்தியா நீ, மரியாதையெல்லாம் பெரிசா இருக்கே என்று ஒரு வாரம் கிண்டலடித்தார்கள்.

இந்த வருஷம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மழைக்காலம் ஐஸில் கை வைத்தால் அந்தக் கை கரண்டி பிடிக்கவும் உதவாது. வேலையை விட்டுவிடலாமே என்று லூர்து சொன்னார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். பேக்கிங் அறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஈரமில்லாத இடம், உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற வேலை. அதற்கு இலகுவேலை அட்டை வேண்டும். அட்டைக்கு, நோவை எண்ணாகக் காட்டுகிற நோவுமானியில் அறுபது வேண்டும்.

பரிசோதனை நிலையத்தில் நோவுமானியைக் கவனித்துக்கொண்டவன் இசக்கிராஜ் என்கிற இளைஞன். பன்னிரண்டு பேர் உள்ளே நுழைந்ததைப் பார்த்துத் திகைத்தான். துணைக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று விதி எதுவும் இல்லை. இப்படி வருவார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவன் அமலோற்பவத்தின் தலையில் மிஷினின் பட்டையைக் கட்டினான். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், சராசரியை மிஷினே போட்டுக்கொள்ளும் என்றான்.

சுவரில் எண் தெரிந்தது. ஐம்பத்தைந்து.

உடனே கூட வந்த பிலோமினா, இது நோவை அளக்கிறதா இல்லை தலைக்குச் சாயம் போடுகிற மிஷினா, எனக்கும் நரை இருக்கிறதே என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி அமலோற்பவத்தின் தோளில் கையை வைத்துத் தடவிக் கொடுத்தாள். சண்முகக்கனி முந்தின நாள் மேனேஜர் ஐஸில் வழுக்கி விழுந்த கதையை, விழுந்த மாதிரியே செய்து காட்டினாள். எண் ஐம்பதாயிற்று. நாற்பத்து மூன்றாயிற்று.

"எறங்குது, எறங்குது" என்று ஒருத்தி கையைத் தட்டினாள். காய்ச்சல் இறங்குகிற மாதிரி நினைத்துவிட்டார்கள். இறங்க இறங்க அவர்களுக்குச் சந்தோஷம். சந்தோஷம் ஏற ஏற எண் இன்னும் இறங்கியது. இசக்கிராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினான். பத்து நிமிஷம் முடிந்தபோது சராசரி முப்பத்தொன்று.

தகுதியில்லை என்று தாள் வந்தது.

அமலோற்பவம் கோணிப்போன விரல்களை மேசைமேல் வைத்தாள். இதைப் பார்த்து எழுதுங்கள் தம்பி என்றாள். கையைப் பார்த்து எழுதின காலம் போய்விட்டதென்று அவன் சொன்னான். டாக்டர் கையெழுத்தை விலைக்கு வாங்கினார்கள், எக்ஸ்ரே படத்தை மாற்றினார்கள். அதனால்தான் பொய் சொல்ல முடியாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்களாம்.

"இது காயத்த அளக்கல அக்கா. காயம் ஒங்களுக்கு எவ்வளவு ஒறைக்குன்னு அளக்கு. நீங்க இத்தன வருசத்துல தாங்கப் பழகிட்டீங்க. பக்கத்துல ஆளும் இருக்கு. மூளை அதக் கம்மியாத்தான் சொல்லுது."

"அப்போ தாங்குனது குத்தமா?"

அவன் பட்டையைத் துடைத்து வைத்தான். மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு தடவை, ஏழு நாளுக்குள் வரலாம் என்றான். எல்லாரும் வெளியேறியபின் வாசலில் அவள் செருப்பை மாட்டுகையில் குனிந்து, அடுத்த தடவை தனியாக வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னான்.

வேனில் திரும்பும்போது சண்முகக்கனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மார்க்கைக் குறைத்தது நாம்தான் என்றாள். பிறகு அவளே ஏற்பாட்டையும் சொன்னாள். அடுத்த வெள்ளி வரைக்கும் அமலோற்பவத்தோடு யாரும் பேசக் கூடாது. தட்டில் யாரும் எதுவும் போடக் கூடாது. லூர்து அண்ணனும் தலை பின்னக் கூடாது. ஆறு நாள் அவளைத் தனியாக விட்டால் அறுபது தானாக வரும். எல்லாரும் சத்தியம் பண்ணாத குறையாக ஒத்துக்கொண்டார்கள். பிலோமினா மட்டும், இது பாவமில்லையா என்று கேட்டாள். பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம், போன கையைச் சொல்லி வாங்க முடியாது என்றாள் சண்முகக்கனி.

சனிக்கிழமை அமலோற்பவம் மேசைக் கோடியில் தனியாக நின்றாள். தலைமுடியை ரப்பர் வளையத்துக்குள் ஒருவாறு திணித்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் ஒரு மணி நேரம் சிரிப்பாகத்தான் இருந்தது. பன்னிரண்டு பேர் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. பழக்க தோஷத்தில் ஒருத்தி, எத்தனை விரல் என்று பாதி கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குச் சிரிப்பு நின்றது.

ஒன்பது வருஷமாக வலி அவளுக்குப் பக்கத்து வீட்டு மாவு மிஷின் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சு நடந்துகொண்டே இருக்கும், காதில் விழாது. இப்போது பேச்சு நின்றதும் மிஷின் வீட்டுக்குள்ளேயே ஓடியது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வலி இருந்தது. கட்டை விரலில் குத்தல், நடுவிரலில் நெருப்பு, மணிக்கட்டில் யாரோ திருகாணி திருகுகிற மாதிரி. ஓட்டை உரிக்கையில் இறால் வழுக்கி விழுந்தது. குனிந்து எடுக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

அன்று அவள் தட்டு பாதிதான் நிறைந்தது. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். லூர்து சோறு போட்டு வைத்துவிட்டு, சண்முகக்கனி சொன்னபடி, படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை அவளுக்கு எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போலிருந்தது. அட்டையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். பழையபடி பேசுங்கள், இரண்டு மழைக்காலத்தில் கை போனால் போகட்டும் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வலியை அதுவரைக்கும் அவள் நேருக்கு நேர் பார்த்ததில்லை. பார்த்துத்தான் வைப்போமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க அதன் நடமாட்டம் பிடிபட்டது. பதினோரு மணிக்கு ஏறும். ஒன்றரை வரைக்கும் ஆட்டிவைக்கும். இரண்டுக்குமேல் அதற்கே அலுத்துப் போகும். எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இருக்க வலியாலும் முடியாது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வந்துட்டியா, வா என்று அதனிடம் சொன்னாள். வியாழக்கிழமை ராகம் போட்டுச் சொன்னாள். தனியாகவும் தாங்க முடிகிறது என்று தெரிந்ததில் ஒரு கெத்து வந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது, யாருக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை சண்முகக்கனி மட்டும் பஸ்ஸில் கூட வந்தாள், நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்து. நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியோடு நின்றுகொண்டாள்.

இசக்கிராஜ் பட்டையைக் கட்டினான். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பத்து நிமிஷம் முடிந்ததும் சுவரில் எழுபத்தொன்று நின்றது.

அட்டை அச்சாகி வந்தது. அவள் அதைத் தொடவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டும் எனக்குள்ளதான் இருந்துச்சா, தம்பி?"

இருந்தது என்றான்.

"போன வாரம் முப்பத்தொண்ணு. இப்போ எழுவத்தொண்ணு. மீதி நாப்பது அன்னைக்கு எங்க போச்சு?"

எங்கும் போகவில்லை, ஆட்கள் கூட இருந்தால் மூளை அவ்வளவாக உறைக்க விடாது, அதுதான் கணக்கு என்று அவன் விளக்கினான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பு மூட்டை தூக்கின குடும்பத்தில் பிறந்தவள். இரண்டு பேர் தூக்கினால் ஒருத்திக்குப் பாரம் குறையும். குறைந்த பாரம் காற்றில் போய்விடாது. அடுத்தவள் தோளில் இருக்கும்.

"வெளிய ஒருத்தி நிக்கா. அவளையும் அளந்து பாருங்க."

விண்ணப்பம் இல்லாமல் அளந்தால் பதிவாகாது என்றான். பதிவாக வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும் என்றாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த ஆள் வர இருபது நிமிஷம் இருந்தது.

சண்முகக்கனி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். எனக்கென்ன கேடு, கல்லைத் தின்று செரிக்கிற உடம்பு என்றாள். அமலோற்பவத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அளந்தான். வேப்பமரத்தடியில் அவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் நெடுநேரமாக இருந்தது. கூப்பிட்டபோது ஓடினாள்.

சுவரில் அறுபத்தாறு.

சண்முகக்கனி சிரிக்கவில்லை. தன் கையையே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிராஜ் அந்தக் கையை வாங்கி முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கினான். மூன்றாவது முட்டியில் அவள் தோள் துள்ளியது. எத்தனை நாளாக என்று கேட்டான். நாலைந்து வருஷம் இருக்கும் என்றாள், கடையில் அரிசி விலை சொல்கிற மாதிரி.

"ஏட்டி, ஒரு வார்த்த சொன்னியா?" என்றாள் அமலோற்பவம்.

"என்னத்தச் சொல்ல? ஒன்னையப் பாப்பேன். அவளுக்கே அப்படின்னா நமக்கு என்னன்னு இருந்துருவேன்."

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக இவள் நம் தட்டில் அள்ளிப் போட்ட கையும் நோவுகிற கைதான் என்றால், அதை எந்த மூஞ்சியோடு வாங்கியிருக்கிறோம் என்று வந்த கோபம். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். சண்முகக்கனி திருப்பித் திட்டினாள். அந்தப் பட்டையை இன்னும் கழற்றவில்லை. திட்டத் திட்டச் சுவரில் எண் ஐம்பதுக்கு வந்தது. இசக்கிராஜ் அதைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினான்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். அட்டை அமலோற்பவத்தின் பையில் இருந்தது. நாற்காலியை நீ எடுத்துக்கொள், எனக்கு இன்னும் ஐந்து வருஷம் தாங்கும் என்றாள் சண்முகக்கனி. டாக்டரிடம் போகாமல் இன்னும் ஐந்து வருஷம் போனால் கை என்ன ஆகும் என்பதற்கு அமலோற்பவம் தன் கையை நீட்டிக் காட்டினாள். இருப்பது ஒரே நாற்காலி. இரண்டு பேருக்கும் அது தெரியும். நீ, நான் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பஸ் போய்விடும்.

அப்போது இசக்கிராஜ் வெளியே வந்தான். கையில் டீ இருந்தது. டீ குடிக்க வந்தவன் மாதிரி நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினான்.

"ஒரு ஷெட்ல பாதிப் பேருக்கு மேல அட்ட வாங்கிட்டா, அது ஆளோட நோய் இல்ல, வேலையோட நோய்னு சட்டத்துல இருக்கு. கம்பெனிதான் வேலையவே மாத்தணும். தண்ணி, உறை, நிக்கிற நேரம், எல்லாத்தையும். இதுவரைக்கும் எந்த ஷெட்டும் கேட்டதில்ல."

ஏன் என்று கேட்டாள் அமலோற்பவம்.

"எல்லாரும் கூட்டமா வாராங்க அக்கா."

ஷெட்டில் பதின்மூன்று பேர். பாதிக்கு மேல் என்றால் ஏழு. தன்னுடையது கையில் இருக்கிறது. சண்முகக்கனியுடையது விண்ணப்பம் போட்டால் வரும். இன்னும் ஐந்து வேண்டும். அட்டையைக் கம்பெனியில் கொடுக்கப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. ஏழும் சேரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் வேறு யாராவது நாற்காலியைப் பிடித்துவிடலாம். பிடித்தால் அவள் கதி ஐஸ்தான். பஸ்ஸில் அமலோற்பவம் இதையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். இறங்கும்போது அட்டையைப் பையின் அடியில், மாத்திரைப் பட்டைக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தாள்.

அந்த வாரம் பன்னிரண்டு பேரும் விண்ணப்பம் எழுதினார்கள். எழுத வைக்கத்தான் பாடு. எனக்கு ஒன்றுமில்லையே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்றால் மிஷின் சொல்லட்டும், நீ சொல்லாதே என்றாள் அமலோற்பவம். அதற்குள் மேனேஜர் காதுக்கும் விஷயம் போயிருந்தது. அட்டை வாங்கினாயாமே, எப்போது பேக்கிங்குக்கு வருகிறாய், அந்த இடத்துக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். கேட்டால் கொடுங்கள் சார் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிலையத்துச் சாலையில் போனவர்கள் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள், ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவே பதினைந்தடி இடைவெளி. ஒருத்தி மதிலைப் பார்த்து நின்றாள். ஒருத்தி சாக்கடையைப் பார்த்து நின்றாள். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால் மார்க் குறையும். அமலோற்பவத்துக்கு வேலை எதிர்ப்பக்கம், டீக்கடை பெஞ்சில். அளந்து முடித்து வெளியே வருகிறவளை உட்கார வைக்க வேண்டும்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா, உங்களுக்குள்ளே சண்டையா என்று கேட்டார்.

"பெரிய சண்ட" என்றாள்.

சண்முகக்கனிதான் முதலில் போனாள். பதிவோடு அறுபத்தைந்து. பிலோமினா அறுபத்திரண்டோடு வந்து பேச்சில்லாமல் உட்கார்ந்தாள். வாய் ஓயாதவள் அவள். டீயைக் கையில் வாங்கியபிறகும் குடிக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். அமலோற்பவம் நகர்ந்து இடம் விட்டாள். மூன்றாவது ஆளுக்கு அறுபது, சரியாக. நான்காவது வந்தவள் ரோஸ்மேரி. அவளுக்கு நாற்பத்து நாலுதான். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நல்லாயிருக்கேன்னு அழுத பொம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள் சண்முகக்கனி. அழுகைக்கு நடுவே ரோஸ்மேரி அவளைக் கிள்ளினாள்.

வெயில் ஏறியது. பதினோரு மணிக்கு அமலோற்பவத்தின் விரல்களுக்குள் வழக்கம்போல அது வந்து உட்கார்ந்தது. வந்தது தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய வேலை எதிரே நின்றுகொண்டிருந்தது.

எட்டாவதாக வந்தவள் சீட்டை நீட்டினாள். அறுபத்தொன்பது. சண்முகக்கனி விரல் விட்டு எண்ணினாள். ஒருமுறை எண்ணி, நம்பாமல் இன்னொருமுறை எண்ணினாள். அமலோற்பவத்தோடு சேர்த்து ஏழு.

பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் எழப் பார்த்தார்கள். பிலோமினாவின் வாய் திறக்கத் தொடங்கியது. எதிரே நான்கு பேர் இன்னும் தள்ளித் தள்ளி நின்றார்கள், மதிலைப் பார்த்தும் சாக்கடையைப் பார்த்தும். அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஏழு வந்ததால் தண்ணீர் மாறிவிடும். ஆனால் அவரவர் நோவு எவ்வளவு என்று அவரவருக்குத் தெரிய வேண்டாமா? டாக்டரிடம் போவதா வேண்டாமா என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

அமலோற்பவம் பிலோமினாவின் வாயைத் தன் கோணல் கையால் பொத்தினாள். அவளுக்கே சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. முகத்தை இறுக்கிக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

"ஒருத்தியும் சிரிக்கப்படாது சொல்லிட்டேன்" என்றாள். "இன்னும் நாலு பேரு உள்ள போவணும்."